எட்டுத் தகடுகள், பன்னிரண்டு திரிகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவன் வேலை. குடும்பத்தில் அவனுக்குச் ‘செய்முறை’ என்று பெயர். வைத்தது அண்ணன். சின்ன வயதில் யாராவது குடிக்கத் தண்ணீர் கேட்டால், குழாய் எப்படித் திறந்து மூடுகிறது என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவானாம். ஐம்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. பழக்கமும் போகவில்லை.

இரண்டு வருடமாக அவனுக்கு மெழுகுவர்த்திப் பித்து. சனிக்கிழமை பிற்பகல் வந்தால் சமையலறை அவன் கைக்குப் போய்விடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் மூக்கு வைத்த ஒரு ஜாடியை இறக்கி, ஜாடிக்குள் மெழுகுத் துண்டுகளைப் போடுவான். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது, ஆகவே மெழுகும் தாண்டாது. நேராக நெருப்பில் வைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“என் பால் பாத்திரத்தை மட்டும் தொடாதீங்க, சாமி. போன வாரம் காப்பியில லாவண்டர் வாசனை” என்பாள் மனைவி.

“அது பாத்திரத்துல இருந்து வந்ததில்ல. காத்துல இருந்து…”

“தெரியாமச் சொல்லிட்டேன். விளக்க வேண்டாம்.”

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்க அவர் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. வருகிற வீடுகள் பன்னிரண்டு. வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் தருவதாகச் செய்முறை எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். முதல்நாள் மதியம் பன்னிரண்டு சிறிய கண்ணாடி டம்ளர்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தான். திரிகளை உருகிய மெழுகில் முக்கினான். முக்கியதும் திரியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் வரும். நூலுக்குள் இருக்கும் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். குமிழ் நின்ற பிறகு எடுத்து நேராக இழுத்துக் காயவைத்தால் திரி ஈர்க்குச்சி போல விறைப்பாக நிற்கும். மெழுகு எண்பது டிகிரியைத் தொட்டதும் வாசனைத் தைலத்தை அளந்து ஊற்றி, இரண்டு நிமிடம் விடாமல் கலக்கினான். அதற்குப் பிறகுதான் அடித்தகடு இருந்த பொட்டலத்தைப் பிரித்தான்.

எட்டுத்தான் இருந்தன.

இந்த அடித்தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் நிற்கிறது. மெழுகுவர்த்தியில் எரிவது திரி என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. சூட்டில் மெழுகு உருகுகிறது, உருகியது திரி வழியாக மேலே ஏறுகிறது, நுனியில் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. திரி வெறும் வழி. அந்த வழியின் காலில் மாட்டுவதுதான் அடித்தகடு. சட்டைப் பொத்தான் அளவு தகரம், நடுவில் நகக்கண் உயரத்துக்கு ஒரு குழல். திரியின் அடியை அந்தக் குழலுக்குள் செருகி இறுக்கிவிடுவார்கள். அது செய்கிற வேலை இரண்டு. மெழுகு முழுவதும் உருகித் தண்ணீராக நின்றாலும் திரி சாயாமல் நடுவிலேயே நிற்கும். மெழுகின் மட்டம் குழல் உயரத்துக்கு இறங்கியதும் திரிக்கு ஆகாரம் கிடைக்காமல் சுடர் தானாக அணைந்துவிடும். அடியில் கொஞ்சம் மெழுகு மிச்சமாகிப் போகிறதே என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். அந்த மிச்சம்தான் பாதுகாப்பு.

தகடு விற்கிற கடை ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள். மெழுகோ தயாராக நிற்கிறது. ஆறவைத்து மறுபடி உருக்கினால் வாசனை பாதி போய்விடும். செய்முறை ஜாடியைப் பார்த்தான், டம்ளர்களைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். நாலுதானே என்று அவனுக்குத் தோன்றியது. நான்கு டம்ளர்களின் அடியில் ஒரு சொட்டு மெழுகை விட்டு, அது இறுகுவதற்குள் திரியை வெறும் காலோடு நட்டான். டம்ளரின் வாய்க்குக் குறுக்கே துணிக் கிளிப்பை வைத்துத் திரியை நடுவில் பிடித்துக்கொண்டான். மெழுகை ஊற்றினான். ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும். ஊசியால் குத்திவிட்டு இரண்டாவது தடவை ஊற்றி அதை நிரப்பினான். மாலைக்குள் பன்னிரண்டும் ஒரே மாதிரி, பால் போல, வழவழவென்று நின்றன. எது எட்டில் ஒன்று, எது நாலில் ஒன்று என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவனும் அடையாளம் வைக்கவில்லை.

எப்போதும் ஒரு தொகுதியில் ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, அடிவரை எரித்துப் பார்த்த பிறகே மற்றவற்றைக் கொடுப்பான். இந்தத் தடவை எடுத்துவைக்க ஒன்று இல்லை. எரித்துப் பார்க்க நாளும் இல்லை. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு சீட்டுகள் எழுதினான், முத்து முத்தான கையெழுத்தில், சீட்டுக்கு ஆறு விதிகள். ஆறாவது விதியின் கீழ் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டான்: எரியும் மெழுகுவர்த்தியைத் தனியே விட்டு அகலாதீர்கள்.

மறுநாள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கையில் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து, அடியில் தகடு தெரிகிறதா என்று ரகசியமாகப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

“இதோ பாருங்க, அடியில வட்டமா தெரியுதே, இதுதான் மெழுகுவர்த்தியோட பிரேக்கு. கடையில வாங்குற மட்டமான சரக்குல இது இருக்காது.”

“ஆரம்பிச்சுட்டான்டா. யாராவது அந்த டிவியப் போடுங்கப்பா” என்றார் அண்ணன்.

சிரிப்பு எழுந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “நீ சொல்லுடா. குழலு எவ்வளவு உசரம் இருக்கணும்?” என்று கேட்டாள். அவன் இருபது நிமிடம் சொன்னான். அக்கா இருபது நிமிடமும் கேட்டாள். போகும்போது தன் பங்கு மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

அக்கா அண்ணனுக்கு இளையவள், அவனுக்கு எட்டு வயது மூத்தவள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். வெளியூர் அழைப்புகளை மூன்று மூன்று நிமிடமாக எண்ணிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்ததால், கடிகாரத்தைப் பார்க்காமலே மூன்று நிமிடம் அவள் உடம்புக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருடைய எண்கள் இன்னும் வாயில் நிற்கும். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலோரம் ஒரு மேசை. அந்த வீட்டுச் சாவியை அவள் கைப்பையில் வைக்க மாட்டாள்; கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பாள். “இது என் வீடு, நான் நினைச்சா திறப்பேன், நினைச்சா மூடுவேன்” என்பாள். அண்ணன் பல வருடமாகத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பல வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்து பன்னிரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்கு அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா வீட்ல நெருப்பு. அவளுக்கு ஒண்ணுமில்ல. நீ வா.”

ஜன்னல் திரையில் பாதி இல்லை. மேசையின் ஒரு பக்கம் கரிக்கட்டை. சுவரில் கூரைவரை கறுப்பு நாக்கு போல ஒரு தடம். தரையெல்லாம் குடங்களிலிருந்து கொட்டிய தண்ணீர். அக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“நாலு நிமிஷம்டா” என்றாள் அவனைப் பார்த்ததும். “கீழ்வீட்டு அம்மா கதவத் தட்டினாங்க. தண்ணி வரலைன்னு கேட்டாங்க. வாசல்ல நின்னு பேசினேன். நாலே நிமிஷம். டக்குன்னு ஒரு சத்தம். திரும்பினா மேசைத்துணி எரியுது.”

“நாலு நிமிஷத்துல எப்படிடி மேசை எரியும்?” அண்ணனுக்குக் குரல் ஏறியது. பயந்துபோன குரல்தான். ஆனால் கேட்பவர்களுக்குக் கோபமாகவே கேட்டது. “பேச ஆரம்பிச்சா உனக்கு நேரம் தெரியுமா? அரை மணி ஆயிருக்கும்.”

“கடிகாரத்தப் பாத்தேண்ணா. ஆறு இருபது. அப்புறம் ஆறு இருபத்திநாலு.”

செய்முறை குப்பைக்கூடையின் பக்கம் குனிந்தான். கீழ்வீட்டு அம்மாள் கண்ணாடிச் சில்லுகளையெல்லாம் பெருக்கி அதில் போட்டிருந்தாள். மேலாகவே கிடந்தது டம்ளரின் அடித்துண்டு. விளிம்பில் கரி. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். தகடு இல்லை. தகடு இருந்த அச்சும் இல்லை. அன்று விட்ட ஒரு சொட்டு மெழுகின் மங்கலான வட்டம் மட்டும், வேலை பார்த்தவனின் கைரேகை போல.

“டேய் செய்முறை” என்று அண்ணன் கூப்பிட்டார். “மெழுகுவர்த்தியில ஏதாவது கோளாறு இருந்திருக்குமா?”

அந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டபடியே அவன் சொன்னான்: “இருக்காதுண்ணே. விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சீட்டுலயே எழுதிக் கொடுத்திருக்கேனே. சிவப்புல கோடு கூடப் போட்டிருக்கேன்.”

அக்கா அவனைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்த்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். அவள் தன்மீது சந்தேகப்பட்டுத்தான் பார்த்தாள். குடும்பத்தில் மெழுகுவர்த்தி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனே சொல்கிறான்.

“ஆமா, எழுதியிருக்கு” என்றாள் மெதுவாக. சற்றுப் பொறுத்து, “அரை மணியா இருந்தாலும் இருந்திருக்கும்” என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அக்காவுக்கு மறதி வந்துவிட்டது என்ற பேச்சு ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. போன வருடம் அவள் குடையை விட்டுவிட்டு வந்தது ஒருவருக்கு ஞாபகம் வந்தது. ஒரே கதையை இரண்டு தடவை சொன்னது இன்னொருவருக்கு. தனியாக விட்டுவைக்கக் கூடாது என்று அண்ணன் முடிவெடுத்தார். தன் வீட்டுப் பின்னறையிலிருந்த செடித்தொட்டிகளை வெளியே எடுத்து அதைச் சுத்தம் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரி வரும், அன்றே வீட்டுக்காரரிடம் சாவியை ஒப்படைப்பது என்று ஏற்பாடானது. அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். அதையும் மறதியின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

செய்முறைக்கு இரவும் பகலும் சாப்பாடும் ஒன்றும் சரியாக இல்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வலது வில்லையை இடதில் பொருத்திக் கொடுத்துவிட்டான். வெளியே இன்னும் மூன்று திரிகள் காலில்லாமல் நிற்கின்றன என்பது மனதில் குடைந்துகொண்டே இருந்தது. வாசனை சரியாக வரவில்லை, மாற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பதினொன்றையும் வாங்கிவந்தான்.

“இவ்வளவு அக்கறையா யாரு செய்வா?” என்றாள் அத்தை மகள் ஒருத்தி, ஏறக்குறைய அடிவரை எரிந்திருந்த தன் மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுத்தபடி. “நம்ம அக்கா மட்டும் நீ எழுதினபடி நடந்திருந்தா…”

அவன் செருப்பை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். எட்டில் தகரம் மின்னியது. மூன்றில் இல்லை. அந்த மூன்றில் ஒன்று அத்தை மகள் கொடுத்தது.

லாரி வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை பத்து மணிக்குச் சமையலறை மேடையில் ஓர் இரும்புத் தட்டில் மணல் பரப்பி, அதன் நடுவில் அத்தை மகளின் மெழுகுவர்த்தியை வைத்து ஏற்றினான். பக்கத்தில் ஒரு கனத்த மூடி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. நான்கு வாரத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை. ஆனால் அவன் மனதுக்குள் இருந்தது சோதனைக்காரனின் மனம் இல்லை என்பதை அவனே அறிவான். தகடு இல்லாமலும் திரி நின்று, ஒழுங்காக எரிந்து, ஒழுங்காக அணைந்துவிட்டால்? அப்படியானால் தவறு அக்காவுடையது. அப்படி ஆகிவிட வேண்டும் என்று அவன் விரும்பினான். கூடப்பிறந்தவளுக்கு மறதி வந்திருக்க வேண்டும் என்று விரும்பினான். அந்த விருப்பத்தை நேராகப் பார்த்தபோது, தனியாக இருந்த சமையலறையிலேயே அவனுக்கு முகம் சுட்டது.

மனைவி காய்கறிப் பையோடு வந்து நின்றாள். மணலைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“சோதனை.”

அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதிசயமாக அவன் ஒன்றும் விளக்கவில்லை. அதிலேயே அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் மெழுகு முழுவதும் உருகி, அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீராக நின்றது. திரியைப் பிடித்திருந்த சொட்டும் உருகிவிட்டது. திரி ஒரு தடவை ஆடியது. ஆடி, மெதுவாக, நின்றபடி தூங்குகிறவர்கள் சாய்வதுபோலச் சாய்ந்து கண்ணாடிச் சுவரில் தலையை வைத்துக்கொண்டது. சுடர் சுவரை நக்கத் தொடங்கியது. செய்முறை கடிகாரத்தைப் பார்த்தான். கண்ணாடி சூட்டில் விரியும். ஓரிடம் மட்டும் விரிந்து மற்ற இடம் விரியாமல் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். டக்.

சத்தம் அக்கா சொன்ன அதே சத்தம். எரியும் மெழுகு மணலில் ஓடி உள்ளே இறங்கியது. மனைவிதான் மூடியைக் கவிழ்த்தாள். அவன் கை எழவில்லை.

நோட்டில் எழுதினான்: சாய்ந்ததிலிருந்து வெடித்ததுவரை ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

நாலு நிமிடம் தாராளம். அக்கா மேசையருகிலேயே உட்கார்ந்து புத்தகத்தில் கண்ணை வைத்திருந்தாலும் இது வெடித்திருக்கும். மேசைத்துணி அவள் மடியில் எரிந்திருக்கும். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டியது நல்லதாகப் போயிற்று.

“எத்தனைக்கு அந்தத் தகடு போடல?” என்று மனைவி கேட்டாள்.

“நாலு.”

“அன்னிக்கு உங்க அண்ணன் வீட்ல, பிரேக்கு பிரேக்குன்னு…”

“ம்.”

“உங்க அக்காகிட்ட எப்ப சொல்லப்போறீங்க? சாவியக் குடுத்த அப்புறமா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவள் தரையில் உட்கார்ந்து கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வாடா. டீ போடறேன். ரெண்டு கோப்பை வெளியதான் இருக்கு.”

சமையலறைக்குள் அவள் பின்னால் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு: அடுப்பை அணைத்தாயா? குழாய்க்கு மேலே: மூடினாயா? விளக்குப் பொத்தானுக்குக் கீழே ஒன்று. வாசல் கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில்: திரும்பிப் பார். எல்லாம் அக்காவின் கையெழுத்து. டீ போட்டு முடித்ததும் அடுப்பை அணைத்தாள், சீட்டைப் படித்தாள், குமிழைத் தொட்டுப் பார்த்தாள். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவள் எழுந்துபோய் மறுபடி தொட்டுப் பார்த்தாள். முதல் வாய் குடித்துவிட்டு, “இருடா, வந்துடறேன்” என்று மூன்றாவது முறை போனாள்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்து, கைக்குட்டையைப் பிரித்து அந்தக் கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்தான்.

“அக்கா, உன் மெழுகுவர்த்தியில அடித்தகடு இல்ல.”

“என்னடா சொல்ற?”

“எட்டுத்தான் இருந்துச்சு. நாலுக்குப் போடாம ஊத்திட்டேன். அதுல ஒண்ணு உனக்கு வந்துடுச்சு. திரி சாஞ்சு கண்ணாடி வெடிச்சிருக்கு. இன்னிக்கு இன்னொண்ண எரிச்சுப் பாத்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நீ நாலு நிமிஷம்னு சொன்னது சரி. நீ பக்கத்துல இருந்திருந்தாலும் வெடிச்சிருக்கும்.”

அக்கா துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது உள்ளங்கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு அவள் கேட்டது, இணைப்புக் கொடுப்பவர்கள் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளும் அதே சம குரலில்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“அன்னிக்கே.”

“அன்னிக்கேன்னா? அண்ணன் உன்னக் கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“இது உன் சட்டைப்பையில இருந்துச்சு அப்ப.”

“இருந்துச்சு.”

அவள் தலையாட்டினாள். துண்டைக் கைக்குட்டையின் மேல் திரும்ப வைத்தாள். அழுதிருந்தால் அவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும், அழுகை வரவில்லை.

“மேசை போனது போகட்டும்டா” என்றாள் கடைசியில். “கை ஆறிடுச்சு. பதினஞ்சு நாளா நான் என்னையே நம்பலையேடா. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்பத் தொட்டுப் பாக்கறேன். மனப்பாடமா இருந்த நம்பரையெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டேன், மறந்துடுவேன்னு.”

“அக்கா…”

“பேசாத.”

கைபேசியை எடுத்தாள். பெயர்ப்பட்டியலைத் திறக்காமல், எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இரண்டாவது எண்ணில் ஒரு கணம் விரல் தயங்கியது. பிறகு தயங்கவில்லை. மணி அடிக்கத் தொடங்கியதும் ஒலிபெருக்கியைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

“எல்லாத்துக்கும் வெளக்கம் சொல்லுவியே. சொல்லு.”

“என்னம்மா, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?” அண்ணனின் குரல்.

“அண்ணே, நான்தான். அக்கா வீட்ல இருக்கேன்.” அவன் கைபேசியின் பக்கம் குனிந்தான். “மெழுகுவர்த்தியில, திரிக்கு அடியில ஒரு தகடு இருக்கும் பாருங்க, அன்னிக்குக்கூடக் காட்டினேனே, அதுல ஒரு குழல் இருக்கும். மெழுகோட மட்டம் அந்தக் குழலுக்குக் கீழ இறங்கினா…”

அக்கா கையை உயர்த்தினாள். அவன் நிறுத்தினான்.

“தகடு கதை அப்புறம். மொதல்ல யாரு தப்புன்னு சொல்லு.”

அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது, தன் விளக்கங்கள் ஒளிந்துகொள்ள எவ்வளவு வசதியான இடம் என்று. குழலுக்கும் மட்டத்துக்கும் நடுவில் இன்னும் கால்மணி நேரம் அவனால் பத்திரமாக உட்கார்ந்திருக்க முடியும்.

“என் தப்புண்ணே” என்றான். “மெழுகுவர்த்தி கோளாறு. தெரிஞ்சே கொடுத்தேன். தெரிஞ்சே உங்ககிட்ட இல்லைன்னு சொன்னேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல.”

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

“டேய்” என்றார் அண்ணன். “நான் அவள எல்லார் முன்னாடியும் என்னென்ன சொன்னேன், தெரியுமாடா உனக்கு?”

“தெரியும்ணே. பக்கத்துலதான் நின்னேன்.”

“நின்னியே. நின்னியேடா.”

அவர் இன்னும் திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டவில்லை. “அவகிட்ட குடு” என்றார், தளர்ந்துபோய்.

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் அக்கா. “லாரி வேணாம்னு சொல்லிடுண்ணா. பின்னறையில உன் செடியையெல்லாம் திருப்பி வெச்சுக்கோ. மன்னிப்பெல்லாம் இப்பக் கேக்காத, நேர்ல வந்து கேளு. மத்த வீடுகளுக்கு நீ சொல்ல வேணாம். இவனே ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுவான்.”

அழைப்பைத் துண்டித்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

“மூணு நிமிஷம். மேல ஒரு பத்து செகண்டு.”

கவிழ்த்ததைத் திருப்பிப் பார்த்தாள். திரையில் மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி என்று இருந்தது. அவனிடம் அதைக் காட்டவில்லை. தானே இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்புச் சீட்டை உரித்தாள். குழாய்ச் சீட்டை, விளக்குச் சீட்டை, கதவிலிருந்ததை. நாலையும் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். அவன் எழுந்து ஒரு பெட்டியின் நாடாவைப் பிரிக்கப் போனான்.

“நான் பிரிச்சுக்கறேன். நீ போ. பதினோரு வீடு இருக்கு.”

அவன் வாசலுக்கு வந்ததும் பின்னாலேயே வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது அது.

“இதையும் எடுத்துட்டுப் போ.”

அவன் மூன்றாவது மாடிப் படிகளில் இறங்கிக்கொண்டே பிரித்தான். அவனுடைய சீட்டுத்தான், அவனுடைய முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு விதிக்கும் எதிரே பென்சிலால் சின்னச் சின்ன டிக் குறிகள். ஒரு மாலைக்கு ஒன்று. திரியைக் கத்தரித்தாயிற்று. தட்டின் மேல் வைத்தாயிற்று. காற்றில்லாத இடம். அணைக்கும்போது ஊதாமல் மூடியாயிற்று. பன்னிரண்டு வீடுகளில் அந்தச் சீட்டை யாராவது முழுதாகப் படித்திருப்பார்களா என்று அவனுக்கு எப்போதும் ஒரு குறை இருந்தது.

ஆறாவது விதியை எண்ணினான். முதல் விதியின்படி பதினோரு மாலை எரித்திருந்தாள், இதில் பத்து டிக்தான் இருந்தது. பதினோராவதன் இடத்தில் குறி இல்லை. அழித்து அழித்துக் காகிதம் மெலிந்துபோயிருந்தது. அன்று போட்டிருக்கிறாள். பிறகு ஒருநாள், தன்மேல் நம்பிக்கை போன பிறகு, அழித்திருக்கிறாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் சட்டைப்பையில் கைவிட்டான். கண்ணாடிக்கடைப் பென்சில் ஒன்று எப்போதும் அதில் கிடக்கும். சுவரில் காகிதத்தை வைத்து, மெலிந்த இடம் கிழிந்துவிடாமல், அந்தக் குறியைத் திரும்பப் போட்டான். போட்ட பிறகு, மேலே ஏறி அதைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு அவனுக்கு வரவில்லை. மடித்து வைத்துக்கொண்டு முதல் வீட்டை நோக்கி இறங்கினான்.